முதல் சீசனோடு எழுந்துவிடுவதா, உட்கார்ந்து முடிப்பதா?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை மத்தியானம். ஃபெஞ்சல் புயல் எப்போது கரையைக் கடக்கும் என்று செய்தியில் மணிக்கொரு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பேர், ஒரு தட்டு வறுத்த மல்லாட்டை, லேப்டாப்பிலிருந்து டிவிக்கு இழுத்த ஒரு ஒயர். ஓடிக்கொண்டிருந்தது 'பிளட்லைன்' முதல் சீசனின் பன்னிரண்டாவது எபிசோட். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் ஒரு கரையோரம், தம்பி ஜான் தன் கூடப்பிறந்த அண்ணன் டேனியைக் கடல் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருக்கிறான். எபிசோட் முடிந்து பெயர்கள் ஏறத் தொடங்கியதும் கரண்ட் போனது. எங்கள் தெருவுக்குத் திரும்பி வர நான்கு நாள் ஆயிற்று.

சீசனில் மொத்தம் 13 எபிசோட். ஆக, நான்கு நாள் நாங்கள் கடைசிக்கு முந்தையதையே முடிவு என்று வைத்துக்கொண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேசினோம். அப்போது வீட்டில் ஒரு சண்டையும் இல்லை. ஐந்து பேருக்கும் கதை பிடித்திருந்தது. கரண்ட் வந்து பதின்மூன்றாவது எபிசோடைப் பார்த்த ராத்திரிதான் வீடு இரண்டுபட்டது. அந்தச் சண்டையின் முடிவில் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை: முதல் சீசனோடு எழுந்துவிடலாமா, இன்னும் இரண்டு சீசன் உட்கார்ந்து பார்க்கலாமா, இல்லை இதை விட்டுவிட்டு வேறு தொடருக்குப் போகலாமா? நெட்ஃபிளிக்ஸில் முதல் சீசன் 2015 மார்ச்சில் வந்த பழைய தொடர்தான். ஆனாலும் இப்போது பார்த்து முடிக்கிறவர்களுக்கும் இதே கேள்விதான் வருகிறது. கதை முடிவுகளை வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன். ஒன்றே ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ரேபர்ன் குடும்பம் கடலோரத்தில் விருந்தினர் விடுதி நடத்துகிறது. ஊரில் நல்ல பெயர். அப்பா அம்மாவைக் கௌரவிக்க ஊரே கூடும் நேரத்தில், வெளியூரில் உருப்படாமல் திரிந்த மூத்தவன் டேனி பஸ்ஸில் வந்து இறங்குகிறான். இரண்டாமவன் ஜான் போலீஸ். அடுத்து கெவின், மெக். சின்ன வயதில் சாரா என்றொரு தங்கை, டேனியோடு படகில் போனபோது கடலில் மூழ்கிச் செத்துப்போயிருக்கிறாள். அந்த ஆத்திரத்தில் அப்பா டேனியை அடித்த அடியை மறைக்க மற்ற பிள்ளைகள் போலீசிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவுதான் விதை. இதை 13 மணிநேரம் உமித்தீ மாதிரி மேலே தெரியாமல் புகைய விடுகிறார்கள். முதல் எபிசோடிலேயே ஜான் மழையில் அலையாத்திக் காட்டுக்குள் டேனியைச் சுமந்து போவதைக் காட்டிவிடுவதால், யார் கொன்றது, யார் செத்தது என்ற மர்மமே கிடையாது. எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் கதை.

இனி கடைசி எபிசோட். டேனி செத்தபிறகு படகு வெடித்து எரிகிறது, போதைப்பொருள் கும்பலின் வேலை போலக் காட்டுகிறார்கள், தம்பி தங்கை மூவரும் ஒரே பொய்யைச் சொல்லப் பழகுகிறார்கள். குடும்பம் மறுபடி நல்ல குடும்பமாகிறது. கடைசிச் சில நிமிடத்தில் ஜானின் வீட்டு வாசலில் ஒரு பையன் வந்து நிற்கிறான். பெயர் நோலன். டேனியின் மகன். திரை இருட்டு.

"இன்னாடா இது, அதுக்குள்ள முடிஞ்சிபோச்சா?" என்றார் அம்மா.

தம்பிக்குக் கோபம். 13 மணிநேரம் பொறுமையாகப் பார்த்தவனிடம் கடைசி நிமிடத்தில் அடுத்த சீசனுக்கு டிக்கெட் விற்கிறார்கள் என்றான். "இதுவரைக்கும் பேச்சே வராத ஒருத்தன் வந்து நின்னா, நான் ஏன் பயப்படணும்?" என்பது அவன் கேள்வி. என் மனைவி நேர் எதிர்: டேனியைக் கொன்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவன் வாசலில் டேனியின் முகமே வந்து நிற்கிறது, இதைவிட நல்ல முடிவு கிடையாது, இதோடு ரிமோட்டைக் கீழே வைத்துவிடலாம் என்றாள். அதாவது இருவருமே நிறுத்தலாம் என்றுதான் சொன்னார்கள். ஒருத்தர் வெறுத்து, ஒருத்தர் நிறைந்து.

பக்கத்து வீட்டு ஏட்டு மாமா விஷயம் வேறு. போலீஸ் வேலையில் ஓய்வுபெற்றவர். சர்வீஸில் எத்தனையோ தடவை பிணத்தோடு ஜி.எச்.சுக்குப் போய் போஸ்ட்மார்ட்டம் அறை வாசலில் காத்திருந்திருக்கிறார். படகு எரிந்த காட்சியில் அவர் மல்லாட்டையைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "உயிரோட எரிஞ்சவனுக்கு மூச்சுக்குழாயில கரி இருக்கும். செத்தவனுக்கு மூச்சு ஏது, கரி எப்படி உள்ள போவும்? தண்ணில செத்தவன் நுரையீரல் வேற மாதிரி இருக்கும். டாக்டர் அறுத்துப் பார்த்தா அரைமணி நேரத்துல கேஸ் முடிஞ்சிது." சொல்வது சரிதான். நெருப்பில் போடும் முன்பே இறந்துவிட்ட உடலின் மூச்சுக்குழாயில் புகைக்கரி இருக்காது என்பது தடயவியலில் ஆரம்பப் பாடம். இதனாலேயே அவருக்கு இரண்டாம் சீசன் கட்டாயம் வேண்டும். மாட்டுவானா, எந்த இடத்தில் மாட்டுவான் என்று பார்க்க வேண்டும் அவருக்கு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. 13 எபிசோடும் நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லித்தான் பார்த்தார். கொலைக் காட்சியில் நிறுத்தச் சொல்லவே இல்லை. மூத்தவன், ஒதுக்கி வைத்த பிள்ளை, குடும்ப மானத்துக்குப் பாரம் சுமக்கும் இரண்டாமவன், இதற்கெல்லாம் அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கடைசி எபிசோட் முடிந்ததும் அவர் கேட்டது நோலனைப் பற்றி இல்லை. "பெத்தவளுக்கு எப்பத் தெரியும்?" என்றார். சிஸ்ஸி ஸ்பேசெக் நடித்த அந்தத் தாய் சாலியைத்தான் சொன்னார்.

இந்த நான்கு பேரையும் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. 'பிளட்லைன்' முதல் சீசனுக்கு இரண்டு முடிவு இருக்கிறது. பன்னிரண்டாவது எபிசோடில் கதை முடிகிறது. பதின்மூன்றாவதின் கடைசியில் தூண்டில் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் புயல் புண்ணியத்தில் நடுவே நான்கு நாள் விழுந்ததால் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரே மூச்சில் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். 'முடிவு மோசம்' என்று சொல்கிற பலருக்குப் பிடிக்காமல் போனது முடிவு இல்லை, தூண்டில்தான். உங்களைத் தைத்தது இரண்டில் எது என்பதை முதலில் பிரித்துக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்பது பாதி தெரிந்துவிடும்.

தூண்டில் போடுவது புதிய தொழில் ஒன்றும் இல்லை. 'டல்லாஸ்' தொடரில் 1980 மார்ச் 21 அன்று ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டுவிட்டு, சுட்டது யார் என்பதை நவம்பர் 21 வரை இழுத்தார்கள். எட்டு மாதம். நம் வாரப் பத்திரிகைகளில் 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல் இதே வேலையை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறது. எதைக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சரி, முதல் வழி: நிறுத்திவிடுவது. இதில் செலவு இல்லை, நஷ்டமும் அதிகம் இல்லை. கதை கேட்ட கேள்விக்கு முதல் சீசனே பதில் சொல்லிவிட்டது. நல்லவன் என்று பெயரெடுத்தவன் எப்படி அண்ணனைக் கொல்லும் அளவுக்கு வந்தான் என்பது முழுசாகத் தெரிந்துவிட்டது. டேனியாக நடித்த பென் மெண்டல்சன் இருக்கும் காட்சிகளில் உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. அவர் ஜானின் மகளைப் படகில் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் ஒரு மிரட்டல் வார்த்தை இல்லை. சிரித்துக்கொண்டே ஒரு தகப்பனின் வயிற்றைக் கலக்குகிறார். அந்த ஆளே போனபிறகு கதையில் என்ன மிச்சம் என்பது நியாயமான சந்தேகம். நோலன் வாசலில் நிற்பதை அப்படியே உறைந்த படமாக வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு, என் மனைவி மாதிரி, இதுவே போதும்.

இரண்டாவது வழி: தொடர்வது. இரண்டாம் சீசன் 2016 மே மாதம் வந்தது, 10 எபிசோட். மூன்றாவதும் கடைசியும் 2017 மே மாதம், அதுவும் 10. ஒவ்வொன்றும் ஒரு மணிநேரத்தை ஒட்டி வரும். சனி, ஞாயிறு நாளுக்கொன்று என்று போட்டாலும் பத்து வாரம். தீபாவளிக்கு ஆரம்பித்தால் பொங்கலை நெருங்கிவிடும்.

அந்த பத்து வாரத்துக்கு என்ன கிடைக்கும்? இரண்டாம் சீசனில் கதை திசை மாறுகிறது. குடும்பக் கதையாக இருந்தது, மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கும் கதையாகிறது. ஜான் ஷெரீஃப், அதாவது அந்தப் பகுதிப் போலீஸின் தலைவர், பதவிக்குத் தேர்தலில் நிற்கிறான். அவனோடு வேலை பார்க்கும் மார்க்கோ மெல்ல மெல்ல நெருங்கி வருகிறான். டேனி இல்லாமல் போய்விடவில்லை. பழைய நினைவிலும் ஜானின் மனக்கண்ணிலும் வந்துகொண்டே இருக்கிறான். மெண்டல்சனுக்கு 2016இல் துணை நடிகருக்கான எம்மி விருது கிடைத்தது. ஆனால் ஜான் மனதுக்குள் பேசும் டேனியால் ஜானை நிஜமாக ஒன்றும் செய்ய முடியாது. முதல் சீசனில் வயிற்றைக் கலக்கிய பயம் இங்கே குற்ற உணர்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. சீசன் முடிவில் கெவின் மார்க்கோவைக் கொல்கிறான். இந்த முடிவில் தம்பி சொன்ன குறை இல்லை. பத்து எபிசோடாக வளர்ந்து வந்தது வெடிக்கிறது. என்னைக் கேட்டால் தூண்டில் என்ற வகையில் முதல் சீசனைவிட இது நேர்மையானது. கதை என்ற வகையில் ஒரு படி கீழே.

மூன்றாவது சீசன் அவசரமாக மூட்டை கட்டியது மாதிரி இருக்கும். மெக் பாதியிலேயே ஊரைவிட்டுப் போகிறாள். கடைசிக்குச் சற்று முன்னால் கனவா நினைவா என்று தெரியாத ஓர் எபிசோட் வருகிறது. சிலருக்கு அதுதான் தொடரின் உச்சம், எனக்குத் தூக்கம் வந்தது. கடைசிக் காட்சியில் ஜான் நோலனை நோக்கி நடந்து வந்து நிற்கிறான். உன் அப்பாவைக் கொன்றது நான்தான் என்று சொன்னானா, இல்லை மறுபடியும் பொய்தானா? காட்டவில்லை. திரை இருண்டுவிடுகிறது. முதல் சீசன் முடிவில் திறந்து வைத்த கதவை 20 எபிசோட் கழித்தும் மூடவில்லை. திறந்த முடிவு என்றால் எரிச்சல் வருகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

இதை நான் சொன்னபோது அம்மா லேசாகச் சிரித்தார். "'பொன்னியின் செல்வன்' படிச்சப்ப இன்னா பண்ணோம்?" என்றார்.

அம்மா அதை மூன்று தடவை படித்தவர். அதுவும் ஒரு குடும்பக் கொலைக் கதைதான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். ஆதித்த கரிகாலனின் உயிரைக் குடித்த கத்தி யாருடையது என்று படித்தவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டும் சண்டை ஓயவில்லை. இத்தனைக்கும் நிஜத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, நம் கடலூர் மாவட்டத்திலேயே. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்லி, அவர்களும் உறவுக்காரர்களும் வைத்திருந்த சொத்தைப் பறிமுதல் செய்யும் ஆணை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே எஃப்.ஐ.ஆர். மாதிரி எழுதி வைத்தும் தமிழ் வாசகனுக்கு அது போதவில்லை. யார் என்று சொன்ன கல் ஏன் என்று சொல்லவில்லையே.

அம்மாவின் வாதம் பலமானதுதான், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நாவலில் கொலை திறந்தே இருந்தாலும் மற்றதெல்லாம் நிறைவாக முடிகிறது. முடிசூட்டு விவகாரம் ஒரு கரைக்கு வந்துவிடுகிறது, வந்தியத்தேவன் ஓர் இடத்தில் போய்ச் சேருகிறான். ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு மீதி வீட்டைப் பூட்டிக் கொடுத்தால் வாசகன் பொறுத்துக்கொள்வான். 'பிளட்லைன்' மூன்றாம் சீசன் பல கதவுகளைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

மூன்றாவது வழி ஒன்றை என் தம்பி கண்டுபிடித்தான். நடுவில் உள்ளதைச் சுருக்கமாகப் படித்துவிட்டுக் கடைசி எபிசோடை மட்டும் பார்ப்பது. வேண்டாம். மெல்லப் போகும் தொடரில் அந்த மெதுவைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும் ஒரு காட்சி மட்டும். பார்த்துவிட்டு அவனே பத்து நிமிடத்தில் அணைத்தான்.

நான்காவது வழி, இந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போவது. இதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 'பதில் சொல்லாமல் விட்டார்கள்' என்ற கோபத்தில் இருப்பவர்கள் 'தி கில்லிங்' அமெரிக்கப் பதிப்பின் பக்கம் போக வேண்டாம். 2011இல் வந்த முதல் சீசன் முழுக்க ரோஸி லார்சனைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்விதான். ஜூன் 19 அன்று 13ஆவது எபிசோட் முடிந்தபோது பதில் இல்லை. அமெரிக்கப் பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். பதில் கிடைக்க 2012 ஜூன் ஆயிற்று. அந்தக் கோபம் முழுக்க நியாயம். விளம்பரத்திலேயே கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் கடையை மூடினால் யார்தான் சும்மா இருப்பார்கள். 'பிளட்லைன்' அந்தத் தப்பைச் செய்யவில்லை. முதல் சீசனில் அது வாக்குக் கொடுத்ததைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஒன்றை நீட்டியது. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைத்துத் திட்டக் கூடாது என்பேன். டேனிஷ் மூலம் 2007இல் வந்தது. அதே மாதிரி வழக்கை 20 எபிசோடில் முடித்துவிட்டது. அடுத்தவர் மொழியில் சப்டைட்டில் படிக்கப் பொறுமை உள்ளவர்கள் அதற்குப் போகலாம்.

தமிழிலேயே வேண்டும் என்றால் அமேசான் பிரைமில் இரண்டு உண்டு. 2022 ஜூன் 17 அன்று வந்த 'சுழல்', எட்டு எபிசோட். புஷ்கர்–காயத்ரி எழுதியது. சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு பெண் காணாமல் போகிறாள். மேல்மலையனூர் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் மயானக் கொள்ளை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருவிழாக் காட்சியில் அம்மா சேரை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதிலும் குற்றம் வீட்டுக்குள்ளேதான் வந்து நிற்கிறது. ஆனால் முதல் சீசன் முடியும்போது யார் என்ற கேள்வி மிச்சமில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டாம் சீசன் வேறொரு கொலை, வேறொரு திருவிழா என்று புதிதாகத் தொடங்குவதால் முதலோடு நிறுத்தினாலும் பாதிச் சோற்றில் எழுந்த குறை இருக்காது. இன்னொன்று, அதே 2022 டிசம்பரில் வந்த 'வதந்தி'. கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை, எஸ்.ஜே. சூர்யா துப்பறிகிறார், எட்டு எபிசோடில் ஒரு வழக்கு. செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சுதான் அதில் கதை. நடுவில் இரண்டு எபிசோட் இழுவை, ஆனால் முடித்துத் தருகிறார்கள்.

'பிளட்லைன்' அளவுக்கு ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையிலேயே 13 மணிநேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை இந்த இரண்டிலும் இல்லை. எட்டு எபிசோடுக்குள் துப்பு, திருப்பம், துப்பு என்று ஓடியாக வேண்டிய கட்டாயம். அந்த மெதுவுக்காகவே முதல் சீசனை விரும்பியவர்களுக்கு இவை கொஞ்சம் ஓட்டமாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் கடைசியில் ஒரே முடிவு எடுக்க முடியவில்லை, எடுக்கவும் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். மனைவி நிறுத்திவிட்டாள், சொன்னபடியே. தம்பி 'வதந்தி' பார்த்து முடித்தான். நான் 20 எபிசோடையும் பார்த்தேன். இரண்டாம் சீசன் வரைக்கும் வருத்தமில்லை. மூன்றாவதுக்குக் கொடுத்த பத்து மணிநேரத்தை யாராவது திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். கொலைக்குப் பிறகு மாட்டுவார்களா என்று பார்ப்பதில் ஆர்வம் இருப்பவர்கள் இரண்டாவதோடு நின்றுவிடலாம். மார்க்கோ சாகும் இடம் ஒரு முடிவாகவே போதுமானது. ஏட்டு மாமா மட்டும் இன்னும் இரண்டாம் சீசன் ஆறாவது எபிசோடில் இருக்கிறார். ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்தி, அங்கே பஞ்சாயத்தார் சாட்சி இல்லையா, மகஜர் எழுத மாட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேகமாகப் போக முடியாது.

அம்மா 'சுழல்' இரண்டு சீசனையும் முடித்துவிட்டார். பிடித்தது. ஆனாலும் போன வாரம் மல்லாட்டை உரித்துக்கொண்டே, "அந்தப் பெத்தவளுக்குத் தெரிஞ்சிதா இல்லியா, அத மட்டும் சொல்லிடு" என்றார். எனக்குப் பதில் தெரியும். இங்கே நான் சொல்லாமல் விட்டதும் அது ஒன்றுதான். வருகிற சனிக்கிழமை இரண்டாம் சீசன் முதல் எபிசோடைப் போட்டு, பழையபடி நிறுத்தி நிறுத்திச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.